தெருமுனைக்குக் கேட்கும் சத்தம்

"சத்தமா இருக்கறதையே போடச் சொல்லுங்க," என்றாள் அந்தப் பெண், கணவனிடம்.

சைலன்சர்க்காரர் காரின் அடியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார். இருபத்திரண்டு வருடமாகப் பைப் வளைத்துக்கொண்டிருக்கிறார். ஆண்கள் உறுமல் வேண்டும் என்பார்கள், கூட வந்த மனைவிமார் காதைப் பொத்திக்கொண்டு முறைப்பார்கள். இது தலைகீழாக நடப்பதை இன்றுதான் பார்க்கிறார்.

கார் பழசு. டர்போ வைத்து வந்த அந்தக் காலத்து வண்டி. இன்ஜின் இன்னும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது, பின்பக்கப் பைப் மட்டும் துருப்பிடித்து ஓட்டையாகி, சத்தத்தால் தெருவையே கூட்டிக்கொண்டு வந்து நின்றிருந்தது.

ஓட்டி வந்தவர் பல் டாக்டர், அதிர்ந்து பேசாத மனிதர். பட்டறைக்குள் நுழையும்போதே எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, காலில் எண்ணெய் படாமல் ஓரமாக ஒதுங்கி நின்றார். நாள் முழுக்கப் பல்லைக் குடையும் மெஷின் சத்தத்தில் கிடக்கிறவனுக்குக் காரிலாவது நிம்மதி வேண்டும் என்பது அவர் கட்சி.

சைலன்சர்க்காரர் விளக்கினார். டர்போ வண்டிக்குப் புகை தங்குதடையில்லாமல் வெளியேற வேண்டும், அதனால் பைப் அகலமாக இருந்தே ஆக வேண்டும். மூன்று அங்குலப் பைப்பில் பின்னால் ஒரு சின்ன சைலன்சர் மட்டும் வைத்தால் உறுமும். நடுவில் பெரிதாக இன்னொன்று சேர்த்தால் பூனை மாதிரி வரும். இழுவையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, காதுக்கு எது பிடிக்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளலாம்.

"உறுமறது எவ்வளவு தூரத்துக்குக் கேக்கும்?" என்றாள் மனைவி.

"தெருமுனையில திரும்பும்போதே வீட்டுக்குள்ள கேக்கும்மா."

அதுதான் நன்றாக இருக்கிறது என்றாள் அவள் உடனே. இப்படியும் ஒரு கார்ப் பைத்தியமா என்று சைலன்சர்க்காரருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

முதலில் உறுமும் பைப்பைத் தற்காலிகமாக மாட்டினார். டாக்டர் ஸ்டார்ட் செய்ததும் அலமாரியில் ஸ்பேனர்கள் கிடுகிடுத்தன. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் அவர்களுடைய எட்டு வயது மகள் பழைய பில் ஒன்றின் முதுகில் படம் வரைந்துகொண்டிருந்தாள். சத்தம் கேட்ட மறுநொடி கலர் பென்சில்களை அள்ளிப் பையில் திணித்தாள், தாளை நாற்காலிக்கு அடியில் தள்ளினாள், கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

என்ன ஒழுங்கான பிள்ளை, நம் வீட்டிலும் இரண்டு இருக்கின்றனவே என்று நினைத்துக்கொண்டார் சைலன்சர்க்காரர்.

டாக்டர் முகத்தைச் சுளித்தார். அடுத்ததை மாட்டச் சொல்லி, மாட்டியதும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து வருவதாகக் கிளம்பினார்.

கார் கண்ணிலிருந்து மறைந்ததும் மனைவி கிட்டே வந்தாள். இரண்டாவதைப் போட்டால் இன்ஜினுக்கு ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட முடியுமா என்று கேட்டாள். தொழிலில் பொய் சொல்லிப் பழக்கமில்லை என்று அவர் சிரித்தார்.

"உங்களுக்குப் புண்ணியமா போகும்ண்ணே," என்றாள் அவள்.

அவர் பதில் சொல்வதற்குள் முதுகுக்குப் பின்னால் கார்க் கதவு சாத்தும் ஓசை. வந்ததும் தெரியவில்லை, நின்றதும் தெரியவில்லை. சைலன்சர்க்காரருக்குத் தன் கைவேலையை நினைத்துப் பெருமை பிடிபடவில்லை. அந்தப் பெருமையில் வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், உங்க வீட்டம்மா என்னைப் பொய் சொல்ல வைக்கப் பாத்தாங்க. நீங்க வர்றது தெருமுனையிலயே அவங்களுக்குக் கேக்கணுமாம்."

டாக்டர் மனைவியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அழகாகச் சிரித்து, அவள் தோளில் கை போட்டுக்கொண்டு, இவளுக்கு என்மேல் அவ்வளவு பாசம் என்றார். அவள் தரையில் கிடந்த எண்ணெய்க் கறையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இதையே நிரந்தரமாக வெல்டு வைத்துவிடச் சொன்னார் டாக்டர். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. இன்ஜினை ஓடவிட்டு, சைலன்சர்க்காரர் குனிந்து இணைப்புகளில் புகை கசிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் பட்டறைக்குப் பின்னால் இருந்த தண்ணீர்க் குழாயடியில் விரல் விரலாகச் சோப்பு போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

மகள் வெளியே வந்து காரையே உற்றுப் பார்த்தாள். வண்டி ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று சைலன்சர்க்காரரிடம் மெல்லக் கேட்டாள்.

"ஓடிக்கிட்டுதான் இருக்கு பாப்பா. அதுதான் மாமாவோட வேலை," என்றார் அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு.

அவள் சிரிக்கவில்லை. குழாயடிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா வர்றது கேக்கலைன்னா, நாம எப்பம்மா ஒளிஞ்சுக்கறது?"