ஒரு கீறலும் இல்லாத துப்பாக்கி

துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றின் அலமாரியில் இரண்டு கைத்துப்பாக்கிகள் அடுத்தடுத்துக் கிடந்தன. ஒன்று, அருளப்பன் தன் கைக்கு அளவு கொடுத்து, ஒரு கார் விலைக்குச் செய்வித்தது. மற்றது, வருகிறவர் போகிறவர் எல்லாம் எடுத்துச் சுடும் பழையது.

“செஞ்ச பட்டறையிலேயே அஞ்சு தோட்டா சுட்டுப் பார்த்தாங்க. அஞ்சும் ஒரே ஓட்டை! நீ என்னத்தைக் கிழிச்சே?” என்றது புதியது.

“இலக்கு அட்டையைத்தான். சில நாள் பின்னால இருக்கற சுவரையும்,” என்றது பழையது.

புதியதற்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாளைக்குப் போட்டி. அதற்காகத்தானே அது பிறந்ததே!

மறுநாள் அருளப்பன் அதைக் கையில் எடுத்தார். பிடி உள்ளங்கையில் அப்படியே பொருந்தியது. கூட வந்த நண்பர் சும்மா இருந்தாரா? “சுடாம வெச்சிருக்கறதாலதான் இதுக்கு இவ்வளவு மதிப்பு. ஒரு கீறல் விழுந்தாலும் போச்சு!” என்றார். அருளப்பன் யோசித்தார். தன் விரல் ரேகையைத் துடைத்து, அதை அதன் இடத்திலேயே வைத்துவிட்டு, பழையதை எடுத்துக்கொண்டு போனார். மதிப்பாம், மதிப்பு!

போட்டி முடிந்த கையோடு பழையது திரும்பி வந்தது. “பத்துக்கு ஆறுதான் பட்டுச்சு,” என்றது.

புதியது கேலி செய்யவில்லை.

“உன் குழல் இன்னும் சூடா இருக்கா?” என்று மெதுவாகக் கேட்டது. “கொஞ்சம் என் பக்கமா நகர்ந்து படுத்துக்கோயேன்.”