நாக்குக்கு அடியில்

மூச்சிழுப்புக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தொடங்கிய பத்தாம் நாள், ஆறு வயது ரிஃபா கடிக்க ஆரம்பித்தாள். நெஞ்சில் விசிலடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. உம்மா ஹசீனாவின் முன்கைதான் பல் பட்டுக் கன்றிப்போனது. இப்போது ஒரு வாரமாகக் கடியே இல்லை. பழையபடி மடியில் வந்து படுத்துக்கொள்கிறாள். பிள்ளை தேறிவிட்டாள் என்ற நிம்மதியில் மீன்தொட்டிக்கு அடியில் பெருக்கியபோது, பாதி கரைந்த ஏழு மாத்திரைகள் துடைப்பத்தோடு வந்தன. “அதத் தின்னா உங்களக் கடிக்கணும்போல வருது உம்மா” என்றாள் ரிஃபா. ஹசீனா அன்றைய மாத்திரையை நீட்டினாள். ரிஃபா தண்ணீர் குடித்துவிட்டு, “முழுங்கிட்டேன்” என்று வாயை அகலத் திறந்து காட்டினாள். நாக்கைத் தூக்கு என்று சொல்ல ஹசீனாவுக்கு வாய் வரவில்லை. திறந்த வாய்க்குள்ளிருந்து அந்தப் பழைய விசில் மெல்லக் கேட்டது.