சட்டைப்பை

செங்கல் போலக் கனக்கிறது என்று பழைய போனை விற்றுவிட்டுத்தான் சபாபதி இந்த மெல்லிய போனை வாங்கினான். மாலையானால் அதற்கு அழைப்பு போகாது.

"பொழுது சாய்ஞ்சா செத்துப்போகுதே, என்ன போனுங்க இது?" என்பாள் மனைவி அமுதவல்லி.

"அப்பளம் மாதிரி இருக்கணும்னா சார்ஜ் நிக்காதுடி."

அவளும் சிரித்துவிடுவாள். இன்று, போன் மாற்றிய பிறகு எடுத்த புதுச்சட்டையை இஸ்திரி போடும்போதுதான் கவனித்தாள். பழைய போனைச் சுமந்த சட்டைகளைப் போலவே இதிலும் பை ஓரத்தில் தையல் விட்டுக் கீழே தொங்கியது. மேசையிலிருந்த அவனுடைய அப்பளப் போனை எடுத்து அதில் போட்டுப் பார்த்தாள். பை அசையவே இல்லை.

குளியலறைப் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "என்னங்க, பழைய போனை யாருக்கு வித்தீங்க?"

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் நின்றது. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே அவள் காத்திருந்தாள்.