கரண்ட் போன பிறகும்

மறுபடியும் பாதியில் கரண்ட் போனது.

"போச்சு! திரும்ப முதல்லேர்ந்து!" ஓவியா அழுதபடியே மேஜையைக் குத்தினாள்.

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான கோரமண்டல் லைன் வீட்டில் அவளும் அம்மா சரோஜாவும் மட்டும்தான். பெங்களூரு கம்பெனி ஒன்று வீட்டிலிருந்தே செய்யும் வேலை கொடுத்திருந்தது. அதற்கு ஒரு புரோகிராமிங் லாங்குவேஜ் வேண்டும். அவளுடைய பழைய கம்ப்யூட்டருக்கு ரெடிமேடாகக் கிடைப்பது ஒத்துவரவில்லை. சோர்ஸ் கோடை இறக்கி, தன் கம்ப்யூட்டரில் ஓடும்படி தானே கம்பைல் செய்ய வேண்டும். அரை நாள் ஓடும். நடுவில் அணைந்தால் அத்தனையும் வீண். நாளைக்குள் முடியாவிட்டால் வேலை வேறு யாருக்கோ.

ஜன்னலில் ஒரு முகம். பக்கத்து வீட்டு பார்வதம்மா.

"இன்னாம்மா, முடிஞ்சிச்சா?"

"இல்ல." ஜன்னலைச் சாத்தினாள்.

"அந்தம்மா பார்வையே சரியில்லம்மா. எட்டிப் பார்த்தாலே கரண்ட் போவுது."

ஓவியா சரோஜாவிடம் முணுமுணுத்தாள்.

மறுநாள் ஓவியா கண் விழித்தபோது சரோஜா வேலைக்கு ரயிலேறிப் போயிருந்தாள். ஓவியா கம்பைலை ஓடவிட்டு, காவல் இருப்பதுபோல் எதிரில் உட்கார்ந்தாள்.

மத்தியானம் ஃபேன் நின்றது. தெருவில் டிவி, மிக்சி எல்லாம் ஒரேயடியாக அடங்கின. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

கர்ர்ர்...

கம்ப்யூட்டர் நிற்கவில்லை. திரையில் வரிகள் மேலே மேலே ஓடின.

லைட் சுவிட்சைத் தட்டினாள். எரியவில்லை. கம்ப்யூட்டருக்கான சுவர் சுவிட்சை அணைத்தாள். அப்போதும் ஓடியது. குனிந்து பிளக் பாயிண்டைப் பார்த்தாள்.

அதில் எதுவுமே சொருகியிருக்கவில்லை.

சுவருக்குள்ளிருந்து யாரோ மூச்சு விடும் சத்தம். இழுத்து, நின்று, மறுபடியும் இழுத்து.

கம்ப்யூட்டரிலிருந்து ஒரு கறுப்பு ஒயர், கட்டிலுக்கடியில் சுவர் ஓட்டைக்குள் போயிருந்தது. பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

உள்ளே இருட்டு. பார்வதம்மாவின் புருஷன் ராஜப்பா, சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்டுப்போனவர், வியர்வையில் நனைந்து கட்டிலில் கிடந்தார். பார்வதம்மா காலண்டர் அட்டையால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள். மூலையில் ஒரு இன்வெர்ட்டர். அந்த ஒயர் அதில்தான் முடிந்தது.

"பயந்துட்டியா? இங்கேர்ந்து நான் ஒயர் வுட்டேன். ரயிலுக்கு நேரமாச்சின்னு உங்கம்மா சொருவிட்டு ஓடிச்சி. உன்ன எழுப்பல."

"உங்க ஃபேன்?"

"பழைய பேட்டரிம்மா. ரெண்டையும் சேத்து இழுக்காது."

"அய்யோ, கழட்டிடறேன்!" ஓவியா ஒயரிடம் பாய்ந்தாள்.

ராஜப்பாவின் கை குறுக்கே வந்தது. மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினார்.

"வுடும்மா... நாந்தான் ஃபேன கழட்டச் சொன்னேன். நேத்து நீ அழுதது... சுவத்துக்கு இந்தாண்ட எனக்குக் கேட்டுச்சி."