திறந்து தர முடியாதவர்கள்

கோப்புகளைச் சேமித்துவைக்க இணையத்தில் இடம் தரும் எல்லா நிறுவனங்களும் ‘உங்கள் கோப்புகளை நாங்கள் பார்க்கமாட்டோம்’ என்றே எழுதியிருந்தன. யாரை நம்புவதென்று நிலோஃபருக்குத் தெரியவில்லை. பின்னலாடை ஆலையின் மேற்பார்வையாளர்மீது அங்கே வேலை செய்யும் பெண்கள் சொல்ல, அவள் பதிவுசெய்த புகார்கள் அவர்கள் குரலிலேயே அவளுடைய மடிக்கணினியில் இருந்தன. மடிக்கணினியை யாரும் பிடுங்கிக்கொண்டு போகலாம். பேசியது யாரென்று ஆலைக்குத் தெரிந்தால் அவர்களுக்கு வேலை போய்விடும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஃபோன் செய்து ஒரே கேள்வியைக் கேட்டாள்.

“பாஸ்வேர்ட் மறந்துட்டா என்ன பண்றது?”

“கவலையே படாதீங்க மேடம், நாங்க திறந்து தர்றோம்” என்றார்கள் முதல் இடத்தில். அடுத்த இடத்தில் அதையே இன்னும் அன்பாகச் சொன்னார்கள். மூன்றாவது இடத்தில் பேசிய பெண் கொஞ்சம் தயங்கினாள்.

“மறந்துட்டா போச்சுங்க. எங்களால திறக்க முடியாது.”

“அப்புறம் நீங்க எதுக்கு இருக்கீங்க?”

“பூட்டினதை அப்படியே வெச்சிருக்கத்தான். உங்க கம்ப்யூட்டர்லயே பூட்டிட்டுத்தான் இங்க அனுப்புவீங்க. சாவி இங்க வரவே வராது.”

“யாராவது மிரட்டிக் கேட்டா?”

“பூட்டைத்தான் காட்டுவோம், மேடம்.”

நிலோஃபர் ஒரு நீளமான பாஸ்வேர்டை மனப்பாடம் செய்தாள். குரல்களை அதால் பூட்டி, அந்த மூன்றாவது இடத்தில் ஏற்றிவிட்டு, மடிக்கணினியில் இருந்தவற்றை அழித்தாள்.