மாடி வீடு காலி

கியானா வண்டியைச் சரியாக நிறுத்தக்கூட இல்லை. புல்வெளியில் கிடந்த தொட்டில் கண்ணில் பட்டதும் பாதிக் கோபம் வந்துவிட்டது. பக்கத்தில் மெத்தை, சட்டி பானை, பொம்மை மூட்டை. மீதிக் கோபம் அதில் வந்தது.

மாடிப்படியில் ஒரு பெரிய அலமாரி குறுக்காக மாட்டிக்கொண்டிருந்தது. கீழ்ப்படியில் நின்று அதற்குத் தோள் கொடுத்துக்கொண்டிருந்தார் வீட்டுக்காரர் காசிமிர். மேலே, அலமாரிக்கு அந்தப் பக்கம், மாடியில் குடியிருக்கும் யெசெனியாவின் தம்பி ராமிரோ. இரண்டு பேரும் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ரெண்டு வயசுப் பிள்ளையின் தொட்டில் தெருவில் கிடக்கிறது, இவருக்குச் சிரிப்பு வருகிறது.

"மிஸ்டர் காசிமிர், என்ன நடக்குது இங்க?"

"வாம்மா, சுகாதாரத் துறை. உங்க ஆபீசுக்கு ரெண்டு தடவ போன் போட்டேன். மெஷின் கொண்டு வந்திருக்கியா?"

"மெஷின் இருக்கட்டும். இது என்ன?"

"அலமாரி. ராமிரோ இதை வாத்தியம்னு நினைச்சுத் தட்டிட்டிருக்கான்."

மேலிருந்து டம் டம் என்று சத்தம் வந்தது. கூடவே பாட்டு.

போன வெள்ளிக்கிழமைதான் கியானா இங்கே வந்திருந்தாள். யெசெனியாவின் மகள் இட்செலுக்கு ரத்தத்தில் ஈயம் பத்தொன்பது. மூன்றரையைத் தாண்டினாலே வளரும் பிள்ளையின் மூளைக்கு ஆபத்து. குழந்தையின் ரத்தத்தில் ஏறிய பிறகுதான் துறை படியேறும். அதற்கு முன்னால் போய்ப் பார்க்க விதி இல்லை. பெயிண்டில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கும் மெஷினை வைத்ததும், மாடியின் ஒன்பது ஜன்னலிலும் அது கத்தியது. நூறு வருஷத்து ஈயப் பெயிண்ட். ஜன்னலை ஏற்றி இறக்கும்போதெல்லாம் அது மாவாய் உதிர்கிறது. குழந்தை ஜன்னலில் கை வைக்கிறது, அந்தக் கையை வாயில் வைக்கிறது.

கியானா அப்போதே உத்தரவு எழுதிக் கதவில் ஒட்டினாள். ஜன்னல்களை மாற்றும்வரை ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை யாரும் மாடியில் இருக்கக் கூடாது. லைசென்ஸ் உள்ள ஆள் வந்து மாற்ற நாலு மாதமாவது ஆகும் என்று சொன்னவளும் அவளேதான்.

"பிள்ளைக்கு ஈயம்னு தெரிஞ்சதும் குடும்பத்த வெளியேத்துறது குத்தம். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். உன் நோட்டீஸ்லயே கடைசியில பொடி எழுத்துல போட்டிருந்தியே. கண்ணாடி போட்டுப் படிச்சேன்."

"படிச்சுமா இப்படி?"

"படிச்சதாலதாம்மா இப்படி."

"உங்கள கோர்ட்டுக்கு இழுக்கப் போறேன்."

"இழு. நல்லா இழு. ஆனா இன்னைக்கு யாரும் எதையும் இழுக்க முடியாது, பாத்தியா, எப்படி மாட்டியிருக்குன்னு."

ராமிரோ மேலே உட்கார்ந்தே விட்டான் போல. சிரிப்பு மட்டும் வந்தது.

யெசெனியா ஒரு வாளியும் ஈரத் துணியுமாக வாசலுக்கு வந்தாள். இடுப்பில் இருந்த இட்செலின் தலையில் ஒரு விளக்குக் கூண்டு தொப்பியாகக் கவிழ்ந்திருந்தது.

"யெசெனியா, பயப்படாதீங்க. நீங்க காலி பண்ண வேண்டாம். சட்டம் உங்க பக்கம்."

"ஐயோ மேடம், நான் காலி பண்ணணும்."

"மிரட்டினாரா?"

"ஆமாம் மேடம், ரொம்ப. நீ கிளம்பலைன்னா உன் பீன்ஸ் சட்டியத் தூக்கிட்டுப் போயிடுவேன்னார். டோன் காசிமிரோ, அதான் நம்ம வீட்டுக்கார ஐயா, சொன்னா செய்வார். ஏற்கெனவே ரெண்டு தடவ சட்டியக் காலி பண்ணிட்டார், கரண்டிய வச்சு."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்தது. அம்மா சிரித்ததால் குழந்தையும் சிரித்தது. இந்த வீட்டில் தான் ஒருத்திதான் நிதானத்தில் இருப்பதாகக் கியானாவுக்குப் பட்டது.

"சிரிக்கிற விஷயமா இது? இந்தப் பிள்ளை இன்னைக்கு எங்க தூங்கும்?"

காசிமிர் தோளை எடுக்காமல் தலையை மட்டும் திருப்பினார்.

"அதைத்தாம்மா நானும் வெள்ளிக்கிழமையிலிருந்து தேடுறேன். பிள்ளைய வெளிய எடுங்கன்னு எழுதியிருக்க. எங்க கொண்டு போய் வைக்கிறதுன்னு எழுதல. பின்பக்கமும் திருப்பிப் பாத்தேன்."

கியானாவுக்குக் காது சூடானது.

"அது… எங்க துறையில அதுக்கு ஏற்பாடு இல்ல. சொந்தக்காரங்க யார் வீட்லயாவது…"

"ராமிரோ ஒரே ரூம்ல நாலு பேரோட படுக்குறான். அவன் புரண்டா மத்த மூணு பேரும் புரளணும்."

"அதுக்காகத் தெருவுல போடுவீங்களா? சொந்த வீடு இருக்குற திமிரு. கீழ நீங்க சொகுசா இருப்பீங்க, மேல இருக்குறவங்க எக்கேடோ கெட்டுப் போகட்டும். மனசுல ஈரம்னு ஒண்ணு…"

பேசிக்கொண்டே இருந்தால் ஆகாது. முதலில் இந்த அலமாரியை எடுத்தாக வேண்டும், இவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கியானா இரண்டு படி ஏறி, காசிமிர் பக்கத்தில் இடம் பிடித்து, அலமாரியின் காலைப் பிடித்து, தன் பலம் மொத்தத்தையும் சேர்த்துக் கீழ்நோக்கி ஓர் இழுப்பு இழுத்தாள்.

"அடிப்பாவி, இழுக்காத, தள்ளு," என்றார் காசிமிர். "இது மேல போகுதும்மா."

கியானாவின் கை அப்படியே நின்றது.

"மேலயா? இது யாரோடது?"

"என்னோடது. அவங்க சாமான் புல்வெளில இருக்கு, தூசி போகத் துடைச்சு ஒண்ணொண்ணா கீழ என் வீட்டுக்குப் போகுது. அங்க ஜன்னல் எல்லாம் புதுசு. இருந்தாலும் நீ மெஷின வச்சு நல்லதுன்னு சொல்ற வரைக்கும் பிள்ளைய உள்ள விடக் கூடாதுன்னுதான் காலையிலிருந்து உனக்குப் போன் போடுறேன்."

"நீங்க மாடிக்கா? அந்த ஜன்னல், அந்தத் தூசி…"

காசிமிர் மறுபடி அலமாரிக்குத் தோள் கொடுத்தார்.

"எனக்கு அறுபத்தெட்டு ஆச்சு. இதுக்கு மேல நான் என்ன வளரவா போறேன், தள்ளும்மா."