கோணல் வகிடு

விபத்தில் பிரிஸ்கில்லாவின் கணவன் எட்வின் கைவிரல்களை இழந்த பிறகு, அதுவரை அவன் வாரிவிட்ட மகள் ஜெனிக்கு வீட்டு ரோபோதான் தலைவாரிவிட்டது. பிரிஸ்கில்லா எட்வினுக்காகத் தலைவாரும் பிரஷ் ஒன்றை வடிவமைத்தாள். விரல்களால் பிடிக்கத் தேவையில்லாமல், எதன்மேல் வைத்தாலும் அது தானாகப் பற்றிக்கொள்ள வேண்டும். முதலில் செய்தவை எல்லாம் வாரும்போது பாதியிலேயே கழன்று விழுந்தன.

இன்று புதியதை அவன் கைக்கடிகாரப் பட்டையில் வைத்தாள். இறுகப் பற்றிக்கொண்டது.

"வலிச்சா சொல்லும்மா" என்றான் எட்வின்.

"வலிக்கலப்பா, வாருங்க" என்றாள் ஜெனி.

பிரஷ் கழலவில்லை. வியர்க்க வியர்க்க வாரி முடித்தான். வகிடு கோணலாக வந்திருந்தது. அதைச் சரிசெய்ய ரோபோ கை நீட்டியதும் ஜெனி தலையை மூடிக்கொண்டாள்.

"நீ தொடாத. எங்கப்பா வாரினது."

அப்படியே பள்ளிக்கூடம் கிளம்பினாள்.

"நாளைக்கு என்னைக் கொஞ்சம் முன்னாடியே எழுப்பி விடு" என்றான் எட்வின், மனைவியிடம்.